கடினமான வாசல்: ஸ்லாக்வெயர் முதல் ஆர்ச் வரை

1993ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் திகதி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பயின்றுகொண்டிருந்த பட்ரிக் வோல்கர்டிங் என்னும் மாணவர், 24 நெகிழ்வட்டுகளில் அடங்கக்கூடிய ஒரு மென்பொருட் தொகுதியை இணையத்தில் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ஸ்லாக்வெயர். இன்று உயிரோடிருக்கும் லினக்ஸ் வழங்கல்களுள் அதுவே மூத்தது. அதனைத் தொடக்கிய அதே மனிதரின் பொறுப்பிலேயே அது தொடர்ந்து வெளிவந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி அதன் 15.0 பதிப்பு வெளியாயிற்று.

இந்த நீண்ட காலத்தில் கணினித் தொழிலின் பெருமுயற்சி முழுவதும் பயனரின் சிரமத்தைக் குறைப்பதிலேயே செலவாகியுள்ளது. ஆனால் ஸ்லாக்வெயரின் நிறுவற் திரை இன்றும் எழுத்துகளாலானது. வன்தட்டை எவ்வாறு பாகம் பிரிப்பது என்பதைப் பயனரே தீர்மானிக்க வேண்டும். ஒரு மென்பொருளுக்குத் துணையாக வேறெவை வேண்டும் என்பதையும் அவரே கண்டறிய வேண்டும். ஸ்லாக்வெயர் மாத்திரமன்று, ஜென்டூ, ஆர்ச், 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' எனக் கடினமானவை என்று பெயரெடுத்த வேறு சிலவும் உள்ளன. பத்து நிமிடத்தில் நிறுவக்கூடியவை இலவசமாகக் கிடைக்கும்போது, இவற்றை நாடி ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் வருவது ஏன்? இக்கேள்விக்கு விடை காண, இவை தோன்றிய கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்த்தல் அவசியமாகிறது.

வழங்கல் என்றால் என்ன?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். லினக்ஸ் என்பது உண்மையில் ஓர் இயங்குதளத்தின் கரு மாத்திரமே. கணினியின் நினைவகத்தையும் வன்தட்டையும் விசைப்பலகையையும் ஆள்வது அதன் பணி. அக்கருவைப் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதினார். தாம் இதனை ஒரு பொழுதுபோக்காகவே செய்வதாக அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி இணையச் செய்திக்குழு ஒன்றில் அவர் அறிவித்தமை பலரும் அறிந்ததே. 1992இல் அதனை அவர் ஜிஎன்யூ பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம் என்பது அவ்வுரிமத்தின் சாரம்.

ஆனால் கருவை மட்டும் வைத்துக்கொண்டு கடிதம் ஒன்றைக்கூடத் தட்டச்சுச் செய்ய முடியாது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த ஜிஎன்யூ திட்டம் அதற்குள் தொகுப்பிகளையும் தொகுப்பான்களையும் எண்ணற்ற சிறு கருவிகளையும் உருவாக்கியிருந்தது. கருவையும் இக்கருவிகளையும் ஒன்றுசேர்த்து, ஒரு சாதாரண மனிதர் தம் கணினியில் நிறுவக்கூடியதாக ஆக்கித் தருவதே வழங்கல் எனப்படுகிறது.

வழங்கல்கள் தோன்றுமுன், லினக்ஸை முயன்றோர் பட்ட பாடு பெரிது. கணினியை எழுப்ப ஒரு நெகிழ்வட்டு, கோப்புகளுக்கு இன்னொன்று என இரண்டு வட்டுகளே கிடைத்தன. வன்தட்டிலிருந்து அது எழ வேண்டுமாயின், தட்டின் முதற் பகுதியில் பொதிந்துள்ள பதினாறடிமான இலக்கங்களைத் தாமே தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஓர் இலக்கம் பிசகினால் கணினி எழாது. 1992ஆம் ஆண்டு பெப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணினி நிலையத்தில் ஓவன் லெ பிளாங்க் வெளியிட்ட தொகுதியே, இத்தொல்லையிலிருந்து விடுவித்த முதல் வழங்கல்களுள் ஒன்று எனலாம்.

ஆக, வழங்கல் என்ற எண்ணமே இலகுவாக்கும் நோக்கில் பிறந்தது. இன்று கடினமானது என்று நாம் சொல்லும் ஸ்லாக்வெயரும் அதன் காலத்தில் பலருக்கு ஒரு நிவாரணமாகவே வந்தது.

ஒரு குறையிலிருந்து பிறந்த இருவர்

1992இல் பீற்றர் மக்டொனால்ட் என்பவர் எஸ்எல்எஸ் என்ற வழங்கலை வெளியிட்டார். அது விரைவில் பரவியது. ஆயின் அதில் வழுக்கள் மலிந்திருந்தன. வோல்கர்டிங் தம் பேராசிரியர் ஒருவருக்காக அதனை நிறுவ நேர்ந்தது. நிறுவும்போது கண்ட வழுக்களைக் குறித்துவைத்துத் திருத்தினார். அத்திருத்தங்கள் சேர்ந்து சேர்ந்து ஒரு தனி வழங்கலாயின. அதுவே ஸ்லாக்வெயர்.

1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி, பேர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்ற இயன் மேர்டொக் என்னும் 20 வயது மாணவரும் எஸ்எல்எஸ்ஸில் அதிருப்தியுற்று இன்னொரு வழங்கலை அறிவித்தார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் எனப் பெயரிட்டார். ஒரே குறையைக் கண்ட இருவர் இரு வழிகளிற் சென்றனர். வோல்கர்டிங் தாமே முடிவெடுக்கும் சிறு பட்டறையை அமைத்தார். மேர்டொக் பலர் கூடி விதிகளின்படி நடத்தும் ஒரு பொதுச் சபையை அமைத்தார். இரண்டும் இன்றுவரை நிலைத்துள்ளன.

அக்கால ஸ்லாக்வெயரை நிறுவுவது எப்படியிருந்தது? நெகிழ்வட்டுகள் தொடர்களாக வகுக்கப்பட்டிருந்தன. ஏ தொடரில் அடிப்படை, என் தொடரில் வலையமைப்பு, எக்ஸ் தொடரில் வரைகலைத் திரை என்றவாறு. தொலைபேசி இணைப்பின் மூலம் ஒவ்வொன்றாக இறக்கி, வட்டுகளில் எழுதி, வரிசைப்படி இட வேண்டும். நடுவில் ஒரு வட்டுப் பழுதானால் மீண்டும் இறக்க வேண்டும். 1994இன் இறுதியில் வெளியான 2.1 பதிப்பில் வட்டுகளின் எண்ணிக்கை 73 ஆயிற்று. அவற்றைக் கடந்து வரைகலைத் திரைக்கு வந்தால், கணினித்திரையின் கிடை, நிலை அலைவெண்களை இலக்கங்களாகத் தர வேண்டும். பிழையான இலக்கம் தந்தால் பழைய குழாய்த் திரைகள் பழுதடையவும் கூடும் என்று கையேடுகள் எச்சரித்தன.

இங்கே அக்கையேடுகளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. லினக்ஸ் ஆவணத் திட்டம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஒன்றுகூடி, ஒவ்வொரு பணிக்கும் 'எவ்வாறு செய்வது' என்ற வரிசையில் கட்டுரைகளை எழுதினர். நிறுவுதலையும் தொடக்கத்தையும் பற்றி மற் வெல்ஷ் எழுதிய நூல் 1990களில் புதியவர்களின் கைநூலாக விளங்கியது. விற்பனை நிறுவனமோ உதவி மேசையோ இல்லாத உலகில், படிக்கத் தெரிந்த எவரும் முன்னேறலாம் என்ற மரபை இவ்வெழுத்துகளே உருவாக்கின. இம்மரபு, பின்னால் வரும் கதைக்கு முக்கியமானது.

இலகுவின் எழுச்சி

1990களின் நடுப்பகுதியிலிருந்து காற்று திசை மாறியது. றெட் ஹாட் நிறுவனம் பொதிகளை நிறுவவும் நீக்கவும் ஒரு முறையான ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிரான்சிலிருந்து 1998இல் வந்த மான்ட்ரேக், சாதாரண மேசைக்கணினிப் பயனரை இலக்காகக் கொண்டது. ஜேர்மனியரான கிளவுஸ் க்னொப்பரின் க்னொப்பிக்ஸ், நிறுவாமலேயே இறுவட்டிலிருந்து லினக்ஸை இயக்கிக் காட்டியது. 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உபுண்டு வெளியானது. கேட்பவர்களுக்கு உலகின் எந்த மூலைக்கும் இறுவட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பும் ஏற்பாட்டையும் அது 2011வரை நடத்தியது. இணைய வேகம் குறைந்த எங்களுடையது போன்ற நாடுகளில் அது செய்த தொண்டைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் இந்த இலகுவின் எழுச்சிக் காலத்தில்தான் இன்று நாம் அறியும் கடினமான வழங்கல்களும் பிறந்தன என்பது கவனத்துக்குரியது. ஸ்லாக்வெயர் பழையதாயிருந்ததால் கடினமாகத் தோன்றியது. பின்வந்தவையோ தெரிந்தே கடினத்தைத் தேர்ந்தன.

1999இல் ஜெராட் பீக்மன்ஸ் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்ற நூலை வெளியிட்டார். அது வழங்கல் என்பதிலும் பார்க்க ஒரு நூல் என்பதே பொருந்தும். ஒவ்வொரு மென்பொருளின் மூலநிரலையும் இறக்கி, கையாலேயே தொகுத்து, ஒரு முழு இயங்குதளத்தை அடியிலிருந்து கட்டுவது எப்படி என்பதை அது அத்தியாயம் அத்தியாயமாகக் கூறுகிறது. முடிவில் கிடைக்கும் கணினி சாதாரணமானதே. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் ஏன் அங்கே இருக்கிறது என்பதைக் கட்டியவர் அறிவார்.

2002ஆம் ஆண்டு மார்ச்சில் இரு வழங்கல்கள் மேடையேறின. முதலாவது, கனடாவைச் சேர்ந்த ஜட் வினெட் 11ஆம் திகதி வெளியிட்ட ஆர்ச். க்ரக்ஸ் என்ற சிறு வழங்கலின் எளிமையில் மனம் பறிகொடுத்தே அவர் இதனைத் தொடங்கினார். இரண்டாவது, டானியல் ரொபின்ஸ் 31ஆம் திகதி வெளியிட்ட ஜென்டூவின் 1.0 பதிப்பு. நீரில் மிக வேகமாக நீந்தும் பென்குயின் இனமொன்றின் பெயர் அது.

ஜென்டூவின் வழி விநோதமானது. அது ஆயத்தமான பொதிகளைத் தராமல், மூலநிரலைப் பயனரின் கணினியிலேயே தொகுக்கச் செய்தது. அச்சுப்பொறி இல்லாதவர், எல்லா மென்பொருள்களிலிருந்தும் அச்சிடும் பகுதியை விலக்கித் தொகுக்குமாறு ஒரே வரியில் ஆணையிடலாம். இவ்வாணைகளை 'யூஸ்' கொடிகள் என்பர். அன்றைய கணினிகளில் ஒரு முழு மேசைச்சூழலைத் தொகுப்பதற்குப் பல மணித்தியாலங்கள், சிலவேளை நாட்களே செல்லும். மின்சாரம் தடைப்படும் ஊரில் இருப்போர்க்கு இது எத்தகைய சோதனை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆர்ச் ஆயத்தமான பொதிகளைத் தந்தது. ஆனால் எதனையும் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கவில்லை. தன்னைப் பயனருக்கு இலகுவானது என்று அது அழைத்துக்கொள்வதில்லை. பயனரை மையமாகக் கொண்டது என்றே விளக்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, அதனை நிறுவும் முறையைப் பார்ப்பதே சிறந்த வழி.

வாசலைத் தாண்டுதல்

சேமிப்புக்கோலிலிருந்து கணினியை எழுப்பியதும் ஆர்ச் காட்டுவது கரிய திரையும் மின்னும் ஒரு கோடும்தான். பொத்தான்கள் இல்லை. இனிச் செய்யவேண்டியவற்றை அதன் நிறுவல் வழிகாட்டி வரிசைப்படுத்துகிறது. முதலில் இணைய இணைப்பை உறுதிசெய்ய வேண்டும். பின்னர் வன்தட்டைப் பாகம் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் கோப்பு முறைமையை உருவாக்க வேண்டும். அப்பாகங்களைத் தற்காலிக இயங்குதளத்தின் ஒரு கோப்புறையில் பொருத்த வேண்டும். அதனுள்ளே அடிப்படைப் பொதிகளை இறக்க வேண்டும். எந்தப் பாகம் எங்கே பொருத்தப்படும் என்ற அட்டவணையை எழுதுவிக்க வேண்டும்.

அதன்பின் வருவதே இந்நிறுவலின் மையமான படி. 'குரூட்' எனப்படும் கட்டளையால், இன்னும் எழாத புதிய இயங்குதளத்தினுள்ளே பயனர் நுழைகிறார். கட்டிமுடியாத வீட்டினுள் நின்று உட்சுவரைப் பூசுவது போன்றது அது. அங்கே நின்றபடி நேரவலயம், மொழி, கணினியின் பெயர், கடவுச்சொல் என்பவற்றை அமைக்கிறார். இறுதியாக, கணினி எழும்போது கருவைத் தேடிக்கொடுக்கும் ஏற்றியை நிறுவுகிறார். இதனை மறந்து மீளெழுப்புவோரே புதியவர்களுள் அதிகம். மீண்டும் சேமிப்புக்கோலிலிருந்து எழுப்பி, பாகங்களைப் பொருத்தி, உள்ளே நுழைந்து, விட்டதைச் செய்தால் போதும். அப்போதுதான் ஓர் உண்மை புலப்படும்: எழாத கணினி என்பது இறந்த கணினி அன்று, எந்தப் படி விடுபட்டதோ அதைச் செய்தால் அது எழும்.

இப்படிகளில் ஒன்று எங்களுக்கு மிக நெருக்கமானது. நேரவலயத்துக்கு ஆசியா, கொழும்பு என்று தேர்ந்தால், கணினி ஒரு சிறு கோப்பைச் சுட்டுகிறது. அக்கோப்பினுள் இலங்கையின் நேர வரலாறே அடங்கியுள்ளது. இரண்டாம் உலகப்போர்க் கால மாற்றங்கள் அதிலுண்டு. மின்சார நெருக்கடியினால் 1996 மே மாதத்தில் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டதும், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டதும், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கு நாடு திரும்பியதும் பதிவாகியுள்ளன. அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே வழக்கிலிருந்ததனால், ஒரு செய்தி எத்தனை மணிக்கு நிகழ்ந்தது என்று எழுதும்போது எந்த நேரம் என்றும் கேட்கவேண்டியிருந்தது. மொழிப் பட்டியலிலும் தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரு பதிவுகள் உள்ளன. இலகுவான வழங்கலில் உலகப்படத்தின் மீது ஒரு சொடுக்கோடு கடந்துபோகும் இவ்விடயம், இங்கே யாரோ சில தன்னார்வலர்கள் நாட்டுக்கு நாடு தேடித் தொகுத்த ஆவணமாகக் கண்முன் நிற்கிறது.

இதுவே வேறுபாடு. எல்லாக் கணினிகளிலும் இப்படிகள் யாவும் நடந்தேறுகின்றன. இலகுவானது அவற்றைத் திரைக்குப் பின்னால் முடித்துவைக்கிறது. கடினமானது திரையை விலக்கி, அவற்றைப் பயனரிடமே ஒப்படைக்கிறது. ஈய எழுத்துகளைக் கோத்த காலத்து அச்சகங்களில், கண்ணாடியிற் தெரிவதுபோல் தலைகீழாக எழுத்தைப் படிக்கத் தெரிந்த தொழிலாளர் இருந்தனர். ஒரு பக்கம் ஏன் இப்படி அமைந்தது என்பதை அவர்களால் கைவிரலாற் தொட்டுக்காட்ட முடிந்தது. கணினிப் பக்கவடிவமைப்பு வந்தபின் வேகம் கூடியது. அந்த அறிவு அருகியது. வேகத்தை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் பழுதான இரவில் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

இலகுவின் அடியில்

இக்கேள்வி வெறும் பழமை ஏக்கம் அன்று என்பதற்கு லினக்ஸின் வரலாற்றிலேயே சான்றுண்டு. ஜேர்மனியின் சூசே நிறுவனம் 1994இல் வெளியிட்ட முதல் வழங்கல் ஸ்லாக்வெயரின் மீதே கட்டப்பட்டது. ஒருகாலத்தில் நிறுவுதற்கு அரியது எனப் பேரெடுத்த டெபியனின் மீது உபுண்டு எழுந்தது. பாடசாலைச் சிறுவர்களின் கைகளில் தவழும் குரோம்புக்கின் இயங்குதளத்தை கூகிள் உருவாக்கியபோது, அதனைக் கட்டியெழுப்ப ஜென்டூவின் பொதி முறைமையையே எடுத்துக்கொண்டது. 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் விளையாட்டுக் கருவியின் உள்ளே இருப்பது ஆர்ச். விளையாடும் சிறுவனுக்கு அது தெரியாது; தெரியவேண்டிய தேவையும் இல்லை.

நான்கு கடினமான வழங்கல்களின் மீது நான்கு இலகுவானவை கட்டப்பட்டமை தற்செயலன்று. உள்ளே நடப்பதை மறைக்காத ஒன்றின் மீதுதான் வேறொருவர் தமக்கு வேண்டியதைக் கட்ட முடியும். ஆகவே கடினம் என்பது இவ்வழங்கல்களின் நோக்கமன்று. மறைக்காமையே நோக்கம், கடினம் அதற்குச் செலுத்தும் விலை.

இதனை மறந்தவர்களும் உண்டு. ஆர்ச் பாவிப்பதைத் தம் மேன்மையின் அடையாளமாக எங்கும் அறிவிப்போர், இணையத்தில் ஒரு கேலிப்பொருளாகவே ஆகிவிட்டனர். ஐயம் கேட்டு வரும் புதியவரை 'கையேட்டைப் படித்துவிட்டு வா' என்று விரட்டும் பழக்கமும் இவ்வட்டாரங்களில் நெடுங்காலம் இருந்தது. தன்னார்வலர்கள் எழுதிவைத்த கையேடு கதவைத் திறக்கவே எழுதப்பட்டது. அதனையே கதவடைக்கும் தாழ்ப்பாளாக்குவது முறையன்று.

வழங்கல்களை நடத்துவோர் இதில் பிடிவாதம் காட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 2012இல் தன் பழைய நிறுவற் செயலியைக் கைவிட்ட ஆர்ச், 2021 ஏப்ரலில் வழிநடத்தி நிறுவும் புதிய நிரலொன்றைத் தன் வட்டிலேயே சேர்த்தது. எல்லாவற்றையும் தொகுக்கச் சொன்ன ஜென்டூ, 2023 டிசெம்பர் இறுதியில் ஆயத்தப் பொதிகளையும் விரிவாக வழங்கப்போவதாக அறிவித்தது. தேவையற்ற காத்திருப்பை நீக்கினார்கள், திரையை மூடவில்லை. விரும்புவோர் இன்றும் எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்யலாம்.

சில மனிதர்களின் தோளில்

இவ்வரலாற்றின் மறுபக்கம் கவலைக்குரியது. இத்தனை பாரத்தையும் தாங்குவோர் எத்தனை பேர்?

டானியல் ரொபின்ஸ் 2004இல் ஜென்டூவிலிருந்து விலகி, அதன் உரிமைகளை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு சில மாதங்கள் மைக்ரோசொஃப்ட்டிலும் பணியாற்றினார். ஜட் வினெட் 2007இல் ஆர்ச்சின் தலைமையை ஆரன் கிரிஃபினிடம் கையளித்தார். இயன் மேர்டொக் 2015 டிசெம்பர் 28ஆம் திகதி, 42ஆவது வயதில் காலமானார். ஆயினும் இம்மூன்று வழங்கல்களும் நின்றுவிடவில்லை. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் ஒன்று அவற்றுக்கு இருந்தது.

ஸ்லாக்வெயரின் நிலை வேறு. 2004இன் இறுதியில் வோல்கர்டிங் கடுமையாக நோயுற்றபோது, அவ்வழங்கலின் எதிர்காலமே கேள்விக்குறியாயிற்று. அவர் நலமடைந்தார், பணி தொடர்ந்தது. 2018இல், ஸ்லாக்வெயரினால் தமக்குக் கிடைத்துவந்த வருமானம் அற்றுப்போய், பணநெருக்கடியில் இருப்பதாக அவரே வெளிப்படையாக எழுதினார். படித்த பயனர்கள் திடுக்கிட்டனர். பலர் நேரடியாகப் பணவுதவி செய்ய முன்வந்தனர். 2016 ஜூனில் வந்த 14.2 பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்ததை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

2024 மார்ச் 29ஆம் திகதி வெளியான செய்தியொன்று இக்கவலையை உலகறியச் செய்தது. கோப்புகளைச் சுருக்குவதற்காக ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில், இரகசியக் கதவொன்று செருகப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக அதனைப் பெரும்பாலும் தனியொருவராகப் பேணிவந்த தன்னார்வலரின் களைப்பைப் பயன்படுத்தி, உதவியாளராக வந்து நம்பிக்கையைப் பெற்ற யாரோ செய்த வேலை அது. அதனைக் கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் அன்று. அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர், டெபியனின் நிலையற்ற பதிப்பை இயக்கிய தம் கணினியில், தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்தார். ஏன் என்று தேடினார். தேடிச்சென்ற வழியிற் கதவு அகப்பட்டது.

அரை விநாடித் தாமதத்தைப் பெரும்பாலானோர் பொருட்படுத்தமாட்டோம். இயந்திரத்தின் இயல்பான நடை எது என்று அறிந்தவருக்கே அதன் தடுமாற்றம் தெரியும். திறந்துகிடந்த தன்மையே கள்ளன் உள்ளே வரவும் வழிவிட்டது என்று வாதிடலாம், அதில் உண்மையுமுண்டு. ஆனால் திறந்துகிடந்ததாலேயே ஒருவர் உள்ளே சென்று அவனைப் பிடிக்கவும் முடிந்தது. திறந்த வீட்டுக்குக் காவல், உள்ளே நடமாடும் மனிதர்களே.

தொடங்க விரும்புவோர்க்கு

இத்தகைய வழங்கல் ஒன்றை முயல விரும்பும் வாசகர்க்குச் சில வார்த்தைகள் சொல்லலாம். வேலைக்குப் பாவிக்கும் கணினியில் முதலிற் கைவைக்க வேண்டாம். மெய்நிகர்க் கணினி எனப்படும் மென்பொருளினுள்ளே நிறுவிப் பார்த்தால், எத்தனை முறை அழித்தாலும் இழப்பதற்கு எதுவுமில்லை. பழைய மடிக்கணினி ஒன்று மூலையிற் கிடந்தால் அதுவும் தகும். எதுவாயினும் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே தொடங்க வேண்டும். பாகம் பிரிக்கும் கட்டளை, தட்டின் பெயரைப் பிழையாகத் தந்தவரிடம் இரக்கம் காட்டாது.

வழிகாட்டியை வாசிக்க இன்னொரு கருவி அருகிலிருப்பது நன்று, கைத்தொலைபேசியே போதும். காணொளிகளைப் பார்த்துக் கட்டளைகளை அப்படியே தட்டுவதிலும் பார்க்க, வழங்கலின் சொந்த ஆவணத்தை வரிவரியாக வாசிப்பதே மேல். காணொளி பழசாகிவிடும்; ஆவணம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆர்ச்சின் விக்கி, பிற வழங்கல்களைப் பாவிப்போரும் தேடிச்செல்லும் அறிவுக்களஞ்சியம். ஒவ்வொரு கட்டளையையும் இடுமுன், அது என்ன செய்யப்போகிறது என்று ஒரு கொப்பியில் ஒரு வரி எழுதிவைப்பது நல்ல பழக்கம். எழுத வரவில்லையாயின் விளங்கவில்லை என்று பொருள். பிழைச்செய்தி வந்தால் கண்ணை மூடாமல் முழுவதும் வாசிக்க வேண்டும். பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்போர்க்கு: கைவழக்கம் பெற ஆர்ச், பழைய யுனிக்ஸ் மரபின் சுவையறிய ஸ்லாக்வெயர், ஒவ்வொரு தெரிவின் விளைவையும் காண ஜென்டூ, அடியிலிருந்து நுனிவரை அறிய விழைவோர்க்கு 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்'. ஆர்ச்சுக்கு ஒரு வார இறுதி போதுமானது. கடைசியாகச் சொன்னதற்குச் சில வாரங்களை ஒதுக்கிக்கொள்வது உத்தமம். ஆர்ச்சை நிறுவியபின், அதனை ஒழுங்காகப் புதுப்பித்துவரவும் புதுப்பிக்குமுன் அதன் அறிவிப்புகளை வாசிக்கவும் வேண்டும். இதற்கு நேரமில்லாதவர் உபுண்டுவையோ டெபியனையோ பாவிப்பதில் எவ்விதத் தாழ்வும் இல்லை. ஒருமுறை உள்ளே சென்று பார்த்துவிட்டு இலகுவானதற்குத் திரும்பியோரும் பலர். திரும்பியபோது அவர்கள் பழைய பயனராகத் திரும்பவில்லை என்பதே இலாபம்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளலாம். வோல்கர்டிங்கும் மேர்டொக்கும் வழங்கல் அமைப்பதற்காகக் கணினியின் முன் அமர்ந்தவர்கள் அல்லர். இருவரும் மாணவர்கள், பிறர் தந்ததை நிறுவ முயன்று, அதிற் கண்ட குறைக்குக் காரணம் தேடி உள்ளே இறங்கியவர்கள். இத்துறையின் அடுத்த காவலர்களும் அவ்வழியே வருவார்கள். இன்று கரிய திரையின் முன் அமர்ந்து, எழாத கணினியைப் பார்த்து, விட்ட படி எது என்று தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர், நாளை களைத்துப்போன ஒரு தன்னார்வலரின் பாரத்தில் ஒரு பங்கை ஏற்கக்கூடும். கடினமான வாசல் திறந்தே இருக்கவேண்டும் என்பதற்கு இதனிலும் பெரிய காரணம் வேண்டியதில்லை.